பன்னிரண்டு துளசித் தொட்டிகள்

பாக்கியலட்சுமிக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும், கை வேகமாக ஓடும். அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பின்சுவர் ஓரமிருந்த இட்லிப்பூச் செடி முப்பதுக்கும் களை பிடுங்கி, காய்ந்த கொத்தெல்லாம் வெட்டி, மண்ணைக் கிளறிவிட்டு முடித்திருந்தாள். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம் வாட்ச்மேன் மேசைமேல் இருந்தது.

அது ஒரு நீள நோட்டு. உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு பத்தி. ஒன்றின் தலையில் பாக்கியலட்சுமி, இன்னொன்றின் தலையில் சௌம்யா. கீழே மாதத்தின் தேதிகள். எல்லாவற்றுக்கும் மேலே கன்னடத்தில் ஒரு குறிப்பு, அதையே தமிழில் இன்னொரு முறை: "தூரமான நாட்களில் டிக் செய்யவும். அந்த நாலு நாளும் துளசி முற்றத்துக்குள் வர வேண்டாம். சம்பளம் பிடிக்க மாட்டோம்." அந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனசாம்.

கூரியர் வந்ததை எழுதும் நோட்டுக்கும் டேங்கர் வந்ததை எழுதும் நோட்டுக்கும் நடுவில் இரண்டு பெண்களின் உடம்புக் கணக்கை வைத்திருக்கிறார்கள். பால் போட வருகிறவன் புரட்டலாம், பேப்பர் போட வருகிறவன் புரட்டலாம். இதை எழுதியவருக்கும் வீட்டில் மருமகள் இருக்கிறாள். அவள் பெயருக்கு ஒரு பத்தி போட்டிருப்பாரா?

"அக்கா, என்னைத் திட்டாதீங்க" என்றான் வாட்ச்மேன் சுரேந்தர். முகத்தை போனுக்குள் புதைத்துக்கொண்டிருந்தான். "செக்ரட்டரி வீட்டம்மா வெச்சுட்டுப் போனாங்க. எழுதலேன்னா சொல்லுன்னாங்க."

"சொல்லிப்போடு" என்றாள் பாக்கியலட்சுமி.

மைசூர் குவெம்புநகரில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தின் தோட்டம் மூன்று வருடமாக அவள் பொறுப்பு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரி. கொத்தனார் கிருஷ்ணராஜைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள், போகாதி ரோட்டில் ஒரு நர்சரியில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். அந்த இடத்தை மனை போட்டு விற்றபோது நர்சரி போனது, அவள் இங்கே வந்தாள். வேலைக்கு எடுத்தது செக்ரட்டரி கேசவமூர்த்தி. ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, மேல்கோட்டைப் பூர்வீகம், வீட்டில் பேசுவது தமிழ். அவர் மனைவி ஸ்ரீதேவிக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. தோட்டக்காரி தமிழ் பேசுகிறாளாம். தமிழ் பேசி என்ன, மூன்று வருடம் கழித்து அந்தத் தமிழிலேயேதான் நோட்டில் எழுதி வைத்தார்.

முன் முற்றத்தில் பன்னிரண்டு துளசித் தொட்டிகள் இருந்தன. ஸ்ரீதேவி நேர்ந்துகொண்டு வாங்கி வைத்தவை. மூலையில் சிமெண்ட் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை. யுகாதி முடிந்ததும் கபினி ஆற்றுத் தண்ணீர் குறைந்து தோட்டத்துக்கு போர்வெல் தண்ணீரைத் திருப்பினார்கள். அதிலிருந்து துளசி லேசாக வெளுத்தது. "வெயில் காலத்துல இப்படித்தானுங்க ஆகும், மழ வந்தாச் சரியாப் போகும்" என்று பாக்கியலட்சுமி சொன்னாள். ஆனால் வெளுத்தது நிற்கவில்லை. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை முழுக்க மஞ்சளானது. வைகாசி பிறந்தபோது இரண்டு தொட்டிகள் குச்சியாகிவிட்டன.

ஸ்ரீதேவி வீட்டில் மருமகள் தன்மயிக்கு ஏழு மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை. இந்த நேரத்தில் துளசி பட்டுப்போனால் ஸ்ரீதேவிக்கு எப்படி இருக்கும் என்று பாக்கியலட்சுமிக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் இரண்டு மாதமாக வாயை மூடிக்கொண்டு, "யார் தொட்டாளோ, எந்த நாள்ல தொட்டாளோ" என்று காதில் விழும்படி முனகியதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுத்ததற்குப் பலன் இந்த நோட்டு.

பத்து மணிக்குக் கேசவமூர்த்தி கீழே வந்தார். கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவரிடம் பேசுவது இன்னும் கஷ்டம்.

"பாக்கியா, எழுதலையாமே."

"எழுத மாட்டனுங்க."

"இதுல என்ன இருக்கு? ஆத்துல எல்லாரும் அனுஷ்டிக்கிறதுதானே. நாலு நாள் ரெஸ்ட் எடுத்துக்கோயேன்."

"துளசி மஞ்சளாப் போறது தண்ணியாலீங்க, இல்லாட்டி மண்ணால. மண்ண டெஸ்ட் பண்ணிச் சொல்றனுங்க. ரெண்டு நாள் குடுங்க."

"டெஸ்ட் பண்ணு, வேண்டாங்கலை. ஆனா ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல இது வரப்போறது. நீ எழுத மாட்டேன்னா வேற ஆளைப் பார்க்கலாம்னு நாலு பேர் சொல்றா. நான் என்ன பண்றது, சொல்லு."

யார் அந்த நாலு பேர் என்று அவள் கேட்கவில்லை. ஒரு ஆள் நாலு பேராக எப்படி ஆவார் என்பது எந்த அடுக்ககத்திலும் தெரிந்த விஷயம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாக்கியலட்சுமி ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். நாலு வருடத்துக்கு முன்னால் கட்டி என்று சொல்லி அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தூரமும் இல்லை, நாலு நாளும் இல்லை. அவள் பத்தியில் டிக் போட ஒன்றுமே கிடையாது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

மத்தியானம் சௌம்யா கேட்டாள். இருபத்திரண்டு வயது, முற்றமும் படிக்கட்டும் பெருக்குகிறவள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பாதி கன்னடம் பாதி தமிழ். லிப்ட் பின்னால் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நிமக்குத்தான் அது இல்லவே இல்லியே. சொல்லிட்டா பிட்டுடுவாங்களே. சும்னே எதுக்கு ஜகளா, சண்டை?"

"நான் சொல்லிப்போட்டா அப்பறம் அந்த நோட்டுல யாரு பேரு மிச்சம்?"

சௌம்யா கையிலிருந்த சோற்றைப் பார்த்தாள்.  அவளுக்கு அன்று இரண்டாம் நாள். காலையிலேயே பயந்துபோய் டிக் போட்டிருந்தாள், பச்சை மையில்.

வெள்ளிக்கிழமை பாக்கியலட்சுமி வீட்டிலிருந்து பி.எச். பேனாவைக் கொண்டுவந்தாள். நர்சரி மூடும்போது முதலாளி கொடுத்தது அது. பேனா அளவில் ஒரு கருவி. நுனியைத் தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். ஏழு என்றால் நடு. குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம். ஆறரையிலிருந்து ஏழுவரை இருந்தால் துளசி சொன்ன பேச்சைக் கேட்கும். எட்டரையைத் தாண்டினால் மண்ணில் இரும்புச்சத்து எவ்வளவு கிடந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எதிரில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு வாயைக் கட்டிவிட்ட மாதிரி.

பேனாவை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் சோதிக்கத் தெரியாது. நேராகச் சேற்றில் குத்துவார்கள். இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் மண்ணைக் கரைத்துப் பார்த்து, தண்ணீரின் காரத்தையெல்லாம் மண்ணின் தலையில் கட்டுவார்கள். பாக்கியலட்சுமி பேட்டரிக் கடையில் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு கேன் வாங்கினாள். அதில்தான் எந்த உப்பும் இருக்காது. முதலில் பேனா சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஏழு காட்ட வேண்டிய பொடிக் கரைசலில் அதை முக்கினாள். ஏழு காட்டியது. பிறகு தொட்டி தொட்டியாக விரல் ஆழத்தில் மண் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தெளியும்வரை அரை மணி நேரம் காத்திருந்தாள். கோபத்தில் இருப்பவளுக்கு அரை மணி நேரம் சும்மா உட்கார்வது லேசான காரியம் இல்லை.

போர்வெல் தண்ணீர் ஏழு புள்ளி ஒன்பது. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஆளைக் கொல்லாது. பின்சுவர் இட்லிப்பூ மண் ஏழு புள்ளி ஆறு. பிறகு துளசித் தொட்டிகள். ஒன்பதரை. ஒன்பது புள்ளி ஆறு. ஒன்பது புள்ளி நாலு. பேனா கெட்டுவிட்டதோ என்று மறுபடி பொடிக் கரைசலில் முக்கிப் பார்த்தாள். ஏழு. கறிவேப்பிலைத் தொட்டி ஒன்பது புள்ளி மூன்று.

இரண்டு இடத்துக்கும் அதே தண்ணீர், அதே எரு, அதே கை. பின்சுவருக்கு நேராத ஒன்று முன்முற்றத்துக்கு நேர்ந்திருக்கிறது. மேல்மண்ணை நகத்தால் சுரண்டினாள். குங்குமமும் மஞ்சளும் எப்போதும் கிடக்கும் இடம், சிவப்பாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தச் சிவப்புக்கு அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு தட்டுப்பட்டது. விரலில் எடுத்துத் தேய்த்தாள். அது என்ன என்று கைக்குத் தெரிந்துவிட்டது. கொத்தனார் வீட்டில் இருபது வருடம் குடித்தனம் செய்தவள். சுண்ணாம்பு.

யார் ஊற்றினார்கள்? வேண்டுமென்றே ஊற்றினார்களா? அவளை வேலையை விட்டு விரட்டவா? சனிக்கிழமை முழுவதும் ஒவ்வொரு ஆளாக மனதில் நிறுத்தி வைத்துத் திட்டினாள். மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தவர்கள் டப்பாவைக் கழுவி ஊற்றினார்களா என்று சுரேந்தரைப் போட்டு உலுக்கினாள். வெள்ளையடித்தே மூன்று வருடம் ஆகிறதாம்.

சாயங்காலம் வீட்டில் கிருஷ்ணராஜ் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இத்தன பாடு எதுக்கு?" என்றான். "எனக்கு ஆபரேசன் ஆயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வேலையப் பாரு."

"என்ற வயித்துல இருந்தது போனதுக்கு நான் அவங்களுக்குக் கணக்குக் குடுக்கோணுமா?"

"வேல போயிரும் பாக்கியா."

"போனாப் போகுட்டும். நான் சுத்தம், எனக்கு இல்லேன்னு சொன்னா, இருக்கறவ அசுத்தம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? அந்தப் புள்ள சௌம்யா மாசாமாசம் அந்த ஆம்பளப் பையன் முன்னால டிக் போட்டுக்கிட்டு நிக்கோணுமா?"

"சௌம்யா உனக்கு யாரு?"

அவன் கேட்டது சாதாரணமாகத்தான். ஆனால் அன்று அவள் அவனோடு அதற்குமேல் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்தே முக்காலுக்கே வந்து சேர்ந்தாள். மீட்டிங் பத்து மணிக்கு. அதற்குள் எல்லாத் தொட்டியிலிருந்தும் மறுபடி மண் எடுத்து வைக்க வேண்டும் என்று எண்ணம். கேட்டைத் தாண்டி வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தவள் தூணருகிலேயே நின்றுவிட்டாள்.

முற்றத்தில் ஸ்ரீதேவி. தலையில் ஈரத்துண்டு. இடது கையில் பெரிய பித்தளைச் செம்பு, வலது கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் ரத்தச் சிவப்பாக ஆரத்தித் தண்ணீர். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து, கல்யாணமாகி வருகிறவர்களுக்கும் பிள்ளை பெற்று வருகிறவர்களுக்கும் கண்ணேறு கழியச் சுற்றிக் கொட்டுவோமே, அதே தண்ணீர். ஸ்ரீதேவி அதை ஒரு துளசிக்கு மூன்று சுற்று சுற்றினார், அடியில் கொட்டினார், செம்பிலிருந்து தாம்பாளத்தில் மறுபடி ஊற்றிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனார். உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. செத்துப்போன இரண்டு தொட்டிகளுக்கும் சுற்றினார். கடைசியாகக் கறிவேப்பிலைக்கு.

பாக்கியலட்சுமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே வந்த கோபத்தில் தூணைப் பிடித்துக்கொண்டாள். துளசி வெளுத்ததும் இந்த அம்மாள் கண்ணேறு என்று முடிவு கட்டியிருக்கிறார். கண்ணேறு கழிக்கச் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். துளசி இன்னும் வெளுத்திருக்கிறது. இன்னும் நிறைய ஊற்றியிருக்கிறார். கடைசியில் செடி செத்ததும், தோட்டக்காரி தீட்டோடு தொட்டாள் என்று நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். தன் கையால் தினம் விஷம் வைத்துவிட்டு அடுத்தவள் உள்பாவாடையைச் சந்தேகப்படுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அங்கேயே போய்க் கேட்டிருக்கலாம். தனியாகக் கேட்டால் விஷயம் அந்த முற்றத்திலேயே அமுங்கிவிடும். இரண்டு துளி கண்ணீர், "யாரிடமும் சொல்லாதே", நோட்டு மட்டும் மேசையில் அப்படியே இருக்கும். ஸ்ரீதேவி படியேறிப் போகும்வரை அவள் தூணை விட்டு அசையவில்லை.

பத்து மணிக்கு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். பதினெட்டு இருபது பேர் வந்தார்கள். லிப்ட் பராமரிப்பு, பார்க்கிங் சண்டை எல்லாம் முடிந்து மூன்றாவதாக இது வந்தது. கேசவமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தோட்டக்காரப் பெண் விதிமுறைக்கு ஒத்துழைக்கவில்லை என்பதைச் சுற்றிவளைத்துக் கன்னடத்தில் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பாக்கியலட்சுமி எண்களைச் சொன்னாள். பின்சுவர் ஏழு புள்ளி ஆறு, துளசி ஒன்பதரை. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கேசவமூர்த்தி பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஷின் சொல்றதை எப்படி நம்பறது? தெர்மாமீட்டர் மாதிரி இருக்கு. தப்பாவும் காட்டலாமோன்னோ?"

"மிசின வுடுங்க" என்றாள். "உங்க வீட்டுலிருந்து ரெண்டு கண்ணாடி கிளாசும் கொஞ்சம் மஞ்சப்பொடியும் குடுங்க. என்னுதக் கொண்டாந்தா நான் ஏதோ கலந்துட்டேம்பீங்க."

தன்மயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு போய் எடுத்து வந்தாள். பேட்டரித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிய இரண்டு மண்ணின் தெளிவையும் பாக்கியலட்சுமி தனித்தனிக் கிளாசில் ஊற்றினாள். எது எந்த மண் என்று எல்லாருக்கும் காட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கலக்கினாள்.

பின்சுவர் மண் மஞ்சளாகவே இருந்தது. துளசி மண் மஞ்சள் போட்டதுமே சிவந்தது.

முற்றத்தில் இருந்த ஆண்களுக்கு அது ஏதோ வித்தை மாதிரி தெரிந்திருக்கும். பெண்களுக்கு அப்படி இல்லை. மஞ்சளைச் சிவக்க வைப்பது எது என்று சமையலறையில் கால் வைத்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். 

"அத்தே" என்றாள் தன்மயி. கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். "இது ஆரத்தி கலர்."

ஸ்ரீதேவியின் முகம் வெளிறியது. "நான்... துளசி நன்னா இருக்கணும்னுதானே..." என்றார். 

"எத்தன நாளா ஊத்தறீங்கம்மா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"எத்தன சுண்ணாம்பு போடுவீங்க?"

"முதல்ல ஒரு ஸ்பூன். அப்புறம் செடி வாட வாட... நன்னாச் சிவக்கணும்னு ரெண்டு, மூணு..."

கேசவமூர்த்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நாற்காலிகளில் கசகசவென்று பேச்சு கிளம்பியது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாக்கியலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. ஸ்ரீதேவியின் கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது. பயத்தில் செய்த காரியம்தான். பயந்தவர் தன் தலையில் மட்டும் சுமந்துகொண்டிருந்தால் அவளும் பரிதாபப்பட்டிருப்பாள்.

"சரி" என்று கேசவமூர்த்தி எழுந்தார். "காரணம் தெரிஞ்சுடுத்து. பாக்கியா வேலையில இருக்கட்டும், அதுல ஆட்சேபணை இல்லை. இனிமே யாரும் செடிக்கு எதையும் ஊத்த வேண்டாம். அந்த நோட்டு அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். மனசுக்கு ஒரு சமாதானம், அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டம் இல்லையே."

இரண்டு மாதமாக அடக்கி வைத்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஆனால் அவள் குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு நஷ்டமுங்க. சௌம்யாவுக்கு நஷ்டமுங்க. செடியக் கொன்னது தீட்டில்ல, சுண்ணாம்புன்னு இத்தன பேரும் கண்ணால பாத்துட்டீங்க. சுண்ணாம்பு ஊத்துனவங்க பேர எழுத எந்த நோட்டுமில்ல. ஊத்தாதவங்க பேருக்கு மட்டும் நோட்டா? உங்க மனசு சமாதானமாகறதுக்கு எங்க ஒடம்ப வாட்ச்மேன் கிட்டப் படிக்கக் குடுக்கோணுமா? அந்த நோட்டு இங்க இருந்தா நான் இல்லீங்க. மிச்சம் பத்துத் தொட்டி உசுரோட இருக்குது. அதுகளக் காப்பாத்தத் தெரிஞ்ச ஆள நீங்களே தேடிக்குங்க."

கேசவமூர்த்தி மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.  அப்போது தன்மயிதான் எழுந்தாள். ஏழு மாத வயிற்றோடு மெதுவாக நடந்து வாட்ச்மேன் மேசைக்குப் போனாள். நோட்டை எடுத்தாள். சௌம்யா பச்சை மையில் டிக் போட்டிருந்த பக்கத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"மாவா, இதுல என் பேரு ஏன் இல்ல?" என்று மாமனாரைக் கேட்டாள். அவர் பதில் சொல்லும்வரை நிற்காமல் நோட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அன்றே பாக்கியலட்சுமி வேலையைத் தொடங்கினாள். பத்துத் தொட்டியிலும் நாலு விரல்கடை மேல்மண்ணை வழித்தெடுத்து மண்புழு உரம் கலந்த புது மண் போட்டாள். கோடை மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, அடியோட்டை வழியாகச் சுண்ணாம்பு கழுவிப் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். காரம் குறைய மண்ணில் கந்தகப் பொடி சிட்டிகை சிட்டிகையாகக் கலந்தாள். இரும்புச்சத்துக்கு அன்னபேதி உப்பை நீர்க்கக் கரைத்து, வெயில் ஏறுமுன் இலைக்குத் தெளித்தாள். அவசரப்பட்டு அமிலத்தைக் கொட்டவில்லை. இரண்டு மாதம் காரத்தில் வெந்த வேரைப் புளிப்பில் வேக வைக்க அவளுக்கு மனமில்லை. வாரம் ஒருமுறை மண்ணைக் கரைத்துப் பார்த்தாள். ஒன்பதரை எட்டு புள்ளி எட்டானது, பிறகு எட்டு புள்ளி ஒன்று. மூன்று தொட்டிகள் தாங்கவில்லை. அவற்றைக் காலி செய்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மிச்சம் ஏழில் கணுவுக்குக் கணு பச்சை புறப்பட்டது.

ஆனி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். அவள் துளிர்களைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தபோது ஸ்ரீதேவி முற்றத்தின் ஓரத்தில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மீட்டிங் நாளிலிருந்தே அப்படித்தான்.

"நன்னா வந்துடுத்து" என்றார்.

"வந்துருச்சுங்க."

ஸ்ரீதேவி தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 

"பாக்கியா, நேத்து சௌம்யா சொன்னா. நோக்கு ஆபரேஷன் ஆகி நாலு வருஷம் ஆச்சாமே." குரல் தணிந்திருந்தது. குற்றம் சொல்கிற குரல் இல்லை, நிஜமாகவே வருத்தப்படுகிற குரல். "இதை அன்னிக்கே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லப்படாதா? இவ்வளவு ரகளையே ஆயிருக்காதே."

பாக்கியலட்சுமி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"சொல்லியிருந்தா என்னங்கம்மா பண்ணியிருப்பீங்க?"

பதில் சொல்ல ஸ்ரீதேவி வாயைத் திறந்தார்.  அதற்கு முன்னால் கண் போய்விட்டது. அவரை அறியாமலேயே அது முற்றத்தைக் கடந்து, லிப்ட் பக்கத்தில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த சௌம்யாமேல் போய் நின்றது. போன இடத்தை அவரே உணர்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரமில்லை. பாக்கியலட்சுமி பார்த்துவிட்டாள்.

"அதுக்குத்தானுங்க சொல்லல" என்றாள்.